அளக்காமற் பூட்டிய எஞ்சின்

விவசாயப் போதனாசிரியர் ஒருவரின் கருத்து



துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மறைந்து பல்லாண்டுகள் கழிந்துவிட்டன. இன்று கிணற்றுக்கட்டில் நிற்கும் சிறு எஞ்சின் ஓடினாற்றான் தோட்டத்தில் நீர் பாயும். வன்னி வயல்களிலே இரு சில்லு உழவு இயந்திரத்தின் எஞ்சினும் அவ்வாறே. அது நின்றால் உழவும் நிற்கும்.

நாம் விதையை அளந்து விதைக்கின்றோம். பசளையை நிறுத்து இடுகின்றோம். பூச்சி மருந்தை மூடியால் அளந்து நீரிற் கலக்கின்றோம். எஞ்சினின் மேற்பாகத்தைக் கழற்றிப் புதுப்பிக்கும்போது மாத்திரம் அளவை என்பதையே மறந்து, “கைக்கு இறுக்கமாயிருக்கிறது, போதும்” என்ற சொல்லை நம்பி விடுகின்றோம். இவ்வழக்கம் கமக்காரருக்குப் பெருநட்டம் தருவது. இதனை மாற்றுதல் பட்டறைக்காரரினும் பார்க்கக் கமக்காரரின் கையிலேயே அதிகம் உள்ளது என்பது என் துணிபு. அதற்கான காரணங்களை இத்துண்டுப்பிரசுரத்திற் கூற விரும்புகின்றேன்.

நான் செய்த தவறு

பிறரைக் குறை கூறுமுன் என் தவறைக் கூறுதல் முறையாகும். விவசாயப் பாடசாலையில் டிப்புளோமாப் பெற்று வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டில், செம்மண் பகுதியிலுள்ள முதியவர் ஒருவரின் தோட்டத்துக்குச் சென்றேன். நான்கு பரப்பில் வெங்காயம் நட்டிருந்தார். அவருடைய நீரிறைக்கும் எஞ்சின் நீலப் புகை கக்கிக்கொண்டு, எண்ணெயைக் குடித்துக்கொண்டிருந்தது. “றிங் மாற்றினாற் சரியாகும்” என்று நானே ஆலோசனை கூறினேன். திருத்துபவர் வந்து புதிய வளையங்களைப் பூட்டும்போது அருகில் நின்றேன். வளையம் சிலிண்டருக்குள் இறங்க மறுத்தபோது அவர் அதன் முனையை அரத்தால் மெல்ல அராவி, இறங்கியவுடன் நிறுத்திக்கொண்டார். கயிற்றை இழுத்துப் பார்த்தேன். நல்ல அமுக்கம் தெரிந்தது. “நன்றாக வந்துவிட்டது” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

அரைமணி நேரம் ஓடிய எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. கழற்றியபோது சிலிண்டரின் உட்சுவரில் மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள் காணப்பட்டன. கீறல் படாத இடத்திற் பட்டறையில் அளந்தபோதுதான் உண்மை வெளியாயிற்று. சிலிண்டர் தேய்ந்திருந்தது 0.10 மில்லிமீற்றர் மாத்திரமே, பூட்டப்பட்டதோ 0.25 மில்லிமீற்றர் பெரிதாக்கிய துளைக்குரிய வளையம். அதன் சுற்றளவு அத்துளைக்கு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் அதிகமாயிருந்தது. முனைகளை அராவி இறக்கியதால் குளிர்ந்த நிலையில் அது அடங்கியிருந்தது. சூடேறி நீண்டபோது இரு முனைகளும் முட்டி, போக்கிடமின்றிச் சுவரை உழுதுவிட்டன.

சிலிண்டரைக் குடைந்து, புதிய பிஸ்டன் எடுப்பித்துப் பூட்டப் பதினொரு நாள் சென்றது. வெங்காயம் குமிழ் வைக்கும் காலம் அது. அயலவர்களுக்கும் தத்தம் இறைப்பு முறை இருந்தபடியால் முழுத் தோட்டத்துக்கும் இரவல் நீர் கிடைக்கவில்லை. இரண்டு பரப்பு வெங்காயம் நெல்லிக்காயளவுக்கு மேற் பருக்கவில்லை. முதியவர் என்னைக் கோபிக்கவில்லை. “தம்பி, நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள்தானே” என்று மாத்திரம் சொன்னார். அச்சொல்லை நான் இன்றும் மறக்கவில்லை. ஓர் இடைவெளி அளக்கும் தகடு என் பையில் இருந்திருந்தால், ஒரு நிமிடத்தில் அத்தவறு அகப்பட்டிருக்கும்.

இடைவெளி எதற்காக?

எஞ்சினுக்குள் அசையும் உறுப்புகள் யாவற்றுக்கும் இடையே சிறு வெளி விடப்பட்டிருக்கின்றது. உலோகம் சூட்டில் விரியும் என்பதும், அசையும் இரு பரப்புகளுக்கிடையே எண்ணெய்ப் படலம் நிற்கவேண்டும் என்பதுமே அதற்குக் காரணங்கள். வெளி குறைந்தால் உறுப்புகள் இறுகும். கூடினால் அமுக்கம் கசியும், எண்ணெய் எரியும், எரிபொருள் வீணாகும். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள அளவு ஒரு மயிரின் பருமனளவே. அதனைக் கண்ணால் மதிக்கவோ விரலால் உணரவோ எவராலும் இயலாது. முப்பது வருடம் பழகிய கைக்கும் இயலாது.

விளக்கத்துக்காக, நம் நாட்டிலே பலரும் அறிந்த ஹொண்டா ஜி.எக்ஸ். 160 என்னும் எஞ்சினின் அளவுகளை இங்கு தருகின்றேன். இதன் சிலிண்டர் விட்டம் 68 மில்லிமீற்றர். உங்கள் எஞ்சின் வேறாயின் அதற்குரிய கைந்நூலின் அளவையே கொள்ளவேண்டும்.

வளையத்தின் வாய்

முதலிற் பார்க்கவேண்டியது பிஸ்டன் வளையத்தின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள வாய் இடைவெளி. வளையத்தைப் பிஸ்டனிற் பூட்டுமுன், தனியே சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளிச் சமன்படுத்தி, வாயினுள் தகட்டை நுழைத்து அளக்கவேண்டும். மேற்சொன்ன எஞ்சினுக்கு இது 0.20 முதல் 0.40 மில்லிமீற்றர் வரை இருத்தல் நன்று, 1.0 மில்லிமீற்றரை எட்டினால் அது கழிவெல்லை.

குறைந்தது 0.20 ஏன் வேண்டும்? 68 மில்லிமீற்றர் வளையத்தின் சுற்றளவு ஏறத்தாழ 214 மில்லிமீற்றர். வார்ப்பிரும்பு வளையம் சிலிண்டர்ச் சுவரிலும் நூறு பாகை சதமளவு சூடு கூடினால் ஏறத்தாழக் கால் மில்லிமீற்றர் நீளும். அந்த நீட்சிக்கு இடமில்லாவிடில் நேர்வது யாது என்பதை மேலே கூறினேன்.

இந்த ஒரே அளவையால் மற்றொரு பயனும் உண்டு. சிலிண்டரின் விட்டம் 0.10 மில்லிமீற்றர் தேய்ந்தால் வளையத்தின் வாய் 0.31 மில்லிமீற்றர் அகலும். வட்டத்தின் சுற்றளவு விட்டத்தின் 3.14 மடங்கு என்பதே காரணம். ஆகவே, புதிய வளையம் ஒன்றைச் சிலிண்டரின் அடியில், பிஸ்டன் தேய்க்காத இடத்தில் வைத்து ஒருமுறை அளவுங்கள். பின்பு மேலே, தேய்வு அதிகமுள்ள இடத்தில் வைத்து அளவுங்கள். இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை 3.14 ஆற் பிரித்தால் சிலிண்டர் எவ்வளவு தேய்ந்துள்ளது என்பது தெரிந்துவிடும். உதாரணமாக, அடியில் 0.30, மேலே 0.75 எனின், வித்தியாசம் 0.45, தேய்வு ஏறத்தாழ 0.14 மில்லிமீற்றர். இந்த எஞ்சினின் சிலிண்டர் 68.165 மில்லிமீற்றருக்கு மேல் தேயலாகாது. எனவே அது எல்லைக்கு மிக அருகில் வந்துவிட்டது. புது வளையத்துக்குச் செலவிடுதல் வீண், சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குதலே தக்கது என்பது விளங்கும். விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, திண்ணையில் இருந்துகொண்டே இம்முடிவுக்கு வரலாம்.

தேய்ந்த சிலிண்டரின் மேல் விளிம்பில், வளையம் எட்டாத இடத்தில் ஒரு வரம்பு நிற்கும். நகத்தால் தடவினால் அது தட்டுப்படும். அதனை நீக்காமற் புது வளையம் பூட்டினால் மேல் வளையம் அவ்வரம்பில் மோதி உடைதல் கூடும்.

வாய் இடைவெளி சிறிது குறைந்தால் அராவலாம். ஆனால் முதலில் வளையம் உரிய அளவினதுதானா என்று பார்க்கவேண்டும். பெட்டியிலும் வளையத்திலும் “எஸ்.ரி.டி.” என்றோ “25”, “50” என்றோ குறியிருக்கும். அதிகம் அராவ நேர்ந்தால் வளையமே பிழை என்று அறிக. அராவும்போது வெளிப்புறத்திலிருந்து உட்புறமாகவே அரம் செல்லவேண்டும். பூட்டும்போது எழுத்துக் குறியுள்ள பக்கம் மேல்நோக்கியிருக்க, வாய்கள் ஒன்றன்மேலொன்று வராதபடி மூன்று திசைகளில் விலக்கி வைக்கவேண்டும்.

வளையம் தன் காடியினுள் மேலுங்கீழும் அசையும் வெளியையும் பார்க்கவேண்டும். இது புதிதில் 0.015 முதல் 0.045, கழிவெல்லை 0.15 மில்லிமீற்றர். 0.15 தகடு இலகுவாக நுழைந்தால் பிஸ்டனின் காடி தேய்ந்துவிட்டது. எத்தனை வளையம் மாற்றினும் எண்ணெய் மேலேறுவது நிற்காது.

பிஸ்டனும் சிலிண்டரும்

வளையமில்லாத பிஸ்டனைச் சிலிண்டருக்குள் வைத்து, ஊசித்தண்டுக்குக் குறுக்கான பக்கத்தில், பிஸ்டனின் கீழ்ப்பாவாடைக்கும் சுவருக்கும் இடையே தகட்டை நுழைத்துப் பாருங்கள். புதிய நிலையில் இவ்வெளி 0.015 முதல் 0.050 வரையாகும், 0.12 கழிவெல்லை. சாதாரண தகட்டுக் கட்டால் புதிய அளவைத் திருத்தமாக அறிதல் கடினம். எனினும் 0.10 தகடு நுழைந்தால் எல்லை நெருங்கிவிட்டது, 0.15 நுழைந்தால் கடந்துவிட்டது என்று தீர்மானிக்கலாம். பிஸ்டன் தேய்ந்ததா, சிலிண்டர் தேய்ந்ததா என்று பிரித்தறிய மைக்கிரோமீற்றர் வேண்டும். பாவாடையின் விட்டம் புதிதில் 67.985, 67.845 ஆகக் குறைந்தால் பிஸ்டனைக் கழிக்கவேண்டும்.

தலையும் கஸ்கற்றும்

நீரின்றி ஓடியும், அதிகம் சூடேறியும் போன எஞ்சினின் தலை வளைந்திருத்தல் கூடும். கரியைச் சுரண்டி நீக்கியபின், நேரான உருக்குச் சட்டம் ஒன்றை மூலைக்கு மூலையாக வைத்து, அதன் கீழே 0.10 மில்லிமீற்றர்த் தகட்டை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் தலையைச் சமப்படுத்தவேண்டும், அல்லது மாற்றவேண்டும்.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் வைத்திருப்போர் இங்கு மிகக் கவனமாயிருத்தல் வேண்டும். மண்ணெண்ணெய் அதிக அமுக்கத்தைத் தாங்காது. முன்னதாகவே வெடித்துத் தட்டும். ஆதலின் அதற்கென அமைந்த எஞ்சின்களில் அமுக்கம் குறைவாகவே வைக்கப்பட்டுள்ளது. தலையைப் பலமுறை சீவினாலும், உரியதிலும் மெல்லிய கஸ்கற்றை வைத்தாலும் மேல் வெளி குறைந்து அமுக்கம் கூடும். பின்பு எஞ்சின் சுமையில் “டக் டக்” என்று தட்டும். நாளடைவிற் பிஸ்டன் கெடும். பழைய கஸ்கற்றை வீசிவிடாது, புதியதற்கு அருகில் வைத்துப் பருமனை ஒப்பிட்டுப் பார்த்தல் நற்பழக்கமாகும்.

தலையின் ஆணிகளைக் குறுக்காக, இரண்டு மூன்று படிகளில் இறுக்கவேண்டும். ஜி.எக்ஸ். 160 இன் தலையாணிகளுக்கு 24 நியூட்டன்-மீற்றர் விசை போதுமானது. நீண்ட கைபிடியில் உடலின் பாரத்தையெல்லாம் போட்டு இறுக்குவதாற் பயனில்லை, புரி உரிந்துவிடும்.

வால்வின் இடைவெளி

வால்வை அரைத்துப் பூட்டும் பலர் இதனை மறந்துவிடுகின்றனர். பசை தடவி அரைக்குந்தோறும் வால்வு தன் இருக்கையில் ஆழமாக அமரும். அதன் தண்டு மறுபக்கத்தில் அவ்வளவு உயரும். இடைவெளி அவ்வளவு குறையும். ஆகவே அரைத்தபின் மீள அளத்தல் இன்றியமையாதது.

எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, அமுக்க வீச்சின் முடிவில் பிஸ்டன் முழுமேல் நிலைக்கு வந்தபின் அளக்கவேண்டும். உள்வால்வுக்கு 0.15, வெளிவால்வுக்கு 0.20, இரண்டிலும் 0.02 கூடினாலோ குறைந்தாலோ குற்றமில்லை. வெளிவால்வு எரிந்த வாயுவின் சூட்டை நேரே ஏற்று அதிகம் நீள்வதால் அதற்குக் கூடிய வெளி விடப்பட்டது. இடைவெளி குறைந்தால் சூட்டில் வால்வு முழுவதும் மூடாது. அதன் விளிம்பு எரிந்து, அமுக்கம் போய்விடும். “காலையில் ஸ்ராட் எடுக்கிறது, சூடானபின் நிறுத்தினால் எடுப்பதில்லை” என்ற முறைப்பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம். இடைவெளி கூடினால் தட்டும் ஓசை கேட்கும். வால்வு தாமதித்துத் திறந்து வலு குறையும். தட்டும் ஓசை உடனே காதில் விழும். வெளி குறைந்த குற்றத்துக்கோ ஓசையில்லை. ஓசையைக் கேட்டு அஞ்சுவதிலும் பார்க்க ஓசையின்மைக்கு அதிகம் அஞ்சவேண்டும்.

உழவு இயந்திரத்தின் டீசல் எஞ்சின்

டீசல் எஞ்சினில் இன்னுமோர் இடைவெளி உண்டு. பிஸ்டன் முழுமேல் நிலையில் நிற்கும்போது அதற்கும் தலைக்குமிடையே எஞ்சும் வெளி அது. இது மிகச் சிறியதாயிருப்பதால், கஸ்கற்றின் பருமன் மாறினாலும் சிலிண்டரின் உயரம் மாறினாலும் பிஸ்டன் தலையில் மோதும். கூடினால் அமுக்கச் சூடு போதாது குளிர்காலையில் எஞ்சின் கிளம்பாது.

மெல்லிய ஈயக் கம்பித் துண்டுகள் இரண்டைப் பிஸ்டனின் தலையில், ஊசித்தண்டு செல்லும் திசையில் இரு பக்கமும் கிறீஸ் தடவி ஒட்டுங்கள். கஸ்கற்றுடன் தலையைப் பூட்டி உரிய விசையில் இறுக்குங்கள். கையாற் சுழற்றிப் பிஸ்டனை மேல் நிலையைக் கடக்கச் செய்து, தலையைக் கழற்றி, நசுங்கிய கம்பியின் பருமனை அளவுங்கள். அதுவே இடைவெளி. கைந்நூலில் உள்ள அளவுடன் ஒத்தால் பூட்டலாம்.

எந்த எஞ்சினாயினும், பூட்டி முடித்தபின் கையாற் பல சுற்று மெதுவாகச் சுழற்றிப் பார்க்காமல் இயக்கலாகாது. ஓரிடத்தில் உலோகம் முட்டித் தடுத்தால் வலிந்து சுழற்றாதீர்கள். கழற்றிக் காரணம் தேடுங்கள்.

மறுத்துரைப்போருக்கு விடை

“புதிய உதிரிப்பாகம் தொழிற்சாலையில் அளந்து வந்தது, நாம் ஏன் அளக்கவேண்டும்?” என்பர் சிலர். பாகம் புதியது, அது சென்று அமரும் சிலிண்டரோ பழையது. இரண்டும் சேருமிடத்தை எந்தத் தொழிற்சாலையும் அளக்கவில்லை. அத்துடன் பெட்டி மாறிவரும் பாகங்களும் கடையில் உண்டு.

“திருத்துபவரைச் சந்தேகிப்பதா? அவர் மனம் புண்படாதா?” என்பர் வேறு சிலர். நான் அவர்களைப் பழிக்கவில்லை. போகக் காலத்தில் ஒரு நாளில் ஐந்தாறு எஞ்சின் வந்து குவிய, ஒவ்வொருவரும் “இன்றே வேண்டும்” என்று நெருக்கும்போது, அளப்பதற்கு நேரம் கொடாதவர் நாமே. “நாளைக்குத் தாருங்கள், ஆனால் அளந்து தாருங்கள்” என்று சொல்லும் கமக்காரரிடம் நல்ல தொழிலாளி மகிழ்ச்சியுடனேயே வேலை செய்வார். அளவுகளை எழுதித் தரும்படி கேட்டால் அவரது வேலையின் மதிப்பும் உயரும்.

“புது எஞ்சின் வாங்குவது மேல்” என்பது மூன்றாவது வாதம். சிலவேளை அது சரி. ஆயின் பழைய எஞ்சினின் சிலிண்டர் எல்லையைத் தாண்டியதா என்பதை அறியாமல் அம்முடிவுக்கு வருவது எங்ஙனம்? அதற்கும் அளவையே வேண்டும்.

“சிறிது கசிந்தால் என்ன, ஓடுகிறதே” என்பாரும் உளர். 2022 ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக இரவு பகலாக வரிசையில் நின்றதை நாம் மறந்துவிடலாகாது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை இலீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. வளையத்தைக் கடந்து கசியும் எரியாத மண்ணெண்ணெய் கீழே சென்று எஞ்சின் எண்ணெயையும் நீர்த்துப்போகச் செய்யும். நீர்த்த எண்ணெய் தாங்கிகளையும் தேய்க்கும். எண்ணெய் மட்டம் குறையாது ஏறுவதையும், அதில் மண்ணெண்ணெய் மணப்பதையும் கண்டால் இதுவே நிகழ்கின்றது என்று அறிக. சிறு கசிவு சிறு நட்டத்துடன் நிற்பதில்லை.

நாம் செய்யவேண்டியது

முதலாவது, ஒவ்வொரு கமக்காரரும் இடைவெளி அளக்கும் தகட்டுக் கட்டு ஒன்றை வாங்கி வைத்திருத்தல் வேண்டும். பட்டறைகளில் “பீலர் கேஜ்” என்றால் தருவர். அது பெருஞ் செலவன்று. துருப்பிடியாமல் எண்ணெய் தடவி வைத்தால் பிள்ளைகள் காலத்துக்கும் உதவும்.

இரண்டாவது, எஞ்சினுக்கென ஒரு கொப்பி வேண்டும். புதுப்பித்த தேதி, வளையத்தின் வாய், தேய்வு, வால்வு இடைவெளி, மாற்றிய பாகத்தின் குறி ஆகியவற்றை அதில் எழுதுங்கள். முதல் இருபது மணி நேர ஓட்டத்தின்பின் எண்ணெயை மாற்றி, வால்வு இடைவெளியை மீளவும் பார்த்து அதனையும் எழுதுங்கள். அடுத்த முறை கழற்றும்போது அக்கொப்பி உங்களுக்கு வழிகாட்டும்.

மூன்றாவது, மைக்கிரோமீற்றர், விசை காட்டும் இறுக்கி, நேர்ச் சட்டம் ஆகியவற்றை ஒருவர் தனியே வாங்குவது கடினம். கமக்காரர் அமைப்புகள் தெளிகருவி வாங்கி முறைவைத்துக் கொடுப்பது போல இவற்றையும் வாங்கிப் பொதுவில் வைக்கலாம். ஐம்பது எஞ்சின் உள்ள ஊருக்கு ஒரு கூட்டுக் கருவி போதும். இதனை உங்கள் அடுத்த கூட்டத்திற் பேசும்படி கேட்டுக்கொள்கின்றேன்; கருவியைப் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டுவது என்னைப் போன்ற போதனாசிரியர்களின் கடமையாகும்.

நான்காவது, எஞ்சினை வெங்காயம் குமிழ் வைக்கும் வாரத்தில் கழற்றாதீர்கள். இறைப்பு ஓய்ந்திருக்கும் மாரி காலமே அதற்கு ஏற்றது. அளந்து, சிந்தித்து, வேண்டுமாயின் மீளக் கழற்றிப் பூட்டவும் அப்போது அவகாசமுண்டு.

அந்த முதியவரின் தோட்டத்துக்கு இன்றும் சென்று வருகின்றேன். கிணற்றடிக் கொட்டிலின் வளையில், எண்ணெய்த் துணியிற் சுற்றிய தகட்டுக் கட்டு ஒன்று செருகியிருக்கின்றது. சென்ற மாரியில் அவருடைய பேரன் என் உதவியின்றித் தானே வளையத்தின் வாயை அளந்து, கொப்பியில் 0.35 என்று எழுதினான். எஞ்சின் இப்போது புகையின்றி ஓடுகின்றது.